அத்தையின் முளைப்பாரி

றக்வானைக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டர் அத்தையிடம், "கொஹெத அம்மே?" என்று கேட்டான். எங்கே போகிறீர்கள் என்று. டிக்கெட்டுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, "கெதர" என்றாள். வீட்டுக்கு! ஐம்பது வருடம் கோத்தகிரியில் கிடந்தும் அவளுக்கு அந்தச் சிங்கள வார்த்தை மறக்கவில்லை. அவள் கைப்பையில் இருந்ததோ ஒரு மாதத்துச் சுற்றுலா விசா. பிறந்த தோட்டத்து லயத்து வீட்டுக்கே சுற்றுலாப் பயணி.

அவள் என் அப்பாவின் கடைசித் தங்கை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். இந்தியா, இலங்கை என்று இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் எங்கோ உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்களில் இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று சந்தையில் தேங்காய் பிரிக்கிற மாதிரி பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். கல்யாணம் முடித்துத் தனிக் காம்பரா அறையில் இருந்த அப்பா இலங்கைக்கு எழுதினார். அத்தை கன்னிப் பெண். அதனால் தாத்தாவோடு போக வேண்டியவளாகிவிட்டாள். போகிறாயா இருக்கிறாயா என்று அவளை ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

லொறி வந்து நின்ற காலையில் அவளுடைய முளைப்பாரி அரைகுறையாக வளர்ந்திருந்தது. எங்கள் தோட்டத்து டிவிஷன் மாரியம்மன் திருவிழாவில் இது பெண்களின் காரியம். மண்சட்டியில் எருவைப் போட்டு, பயறும் சோளமும் தூவி, எல்லாச் சட்டிகளையும் ஒரே இருட்டறையில் வைத்து வளர்ப்போம். கடைசி நாள் பூசாரி ஒவ்வொரு குடும்பத்தின் பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவள் தன் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்க் கரைப்பாள். அத்தையைக் கூப்பிடும் நாளுக்கு முன்பே லொறி அவளைக் கூப்பிட்டுவிட்டது. இப்போது திருவிழா நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"சுத்திப் பாக்க வரல புள்ள," என்றாள் வந்த அன்றே. "எனக்கு என் சட்டி வேணும். என் அப்பன் பேருல."

இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு கோயில் கமிட்டித் தலைவரிடம் போனேன். அவர் என்னோடு படித்தவர், நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஒரு தலக்கட்டுக்கு ஒரு சட்டிதான். ஒங்க அத்தையோட தலக்கட்டு அன்னிக்கே இந்தியாவுக்குப் போயிருச்சு. ஒங்க சட்டியை வேணும்னா அவங்க தூக்கட்டும்."

அதையே அத்தையிடம் சொன்னேன். என் சட்டியை அவளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒன் சட்டி ஒனக்கு. அங்க அம்பது வருசமா சிலோன்காரின்னானுங்க. இங்க வந்தா இந்தியாக்காரிங்கிறானுங்க. ஓசிச் சட்டி தூக்கவா கடலைத் தாண்டி வந்தேன்?"

நான் மறுபடியும் தலைவரிடம் போனேன். இந்தத் தடவை எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ரெண்டு நாட்டுக்காரனும் கிழித்த கோட்டை நீங்கள் ஏன் அம்மன் சன்னதி வரைக்கும் இழுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், கீழ சிங்கள ஊருல ஒரு சண்டைன்னா மொதல்ல என்ன சொல்லுவாங்க? இந்தியாவுக்குப் போன்னுதானே? இப்பத்தான் நாங்களும் இந்த நாட்டு ஆளுங்கன்னு தல நிமிந்து நடக்குறோம். இந்தியாப் பாஸ்போட்டுக்காரங்களுக்கு நம்ம கோயில்ல தலக்கட்டுன்னு எழுதுனா அவனுங்க வாயில அவல் போட்ட மாதிரி இல்லையா?"

அவர் பயம் பொய்யில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. பஸ்ஸில், அரசாங்கக் கச்சேரியில், ஆஸ்பத்திரி வரிசையில் நானும் அதை விழுங்கியிருக்கிறேன். ஆனால் நம்மைப் பயமுறுத்தியவர்களுக்கு நாமே காவல் வேலை பார்ப்பதா? "நீங்க சட்டி தர வேணாம். நாங்க வளத்துக்கிறோம்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுப்படி மூலையில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினோம். எம்பிலிப்பிட்டியச் சந்தையில் வாங்கிய பயறும் சோளமும் முறத்தில் கிடந்தன. அத்தை சொத்தை பொறுக்கினாள். நான் மறுநாள் பாடத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுக்கிறேன். புத்தகத்தில் இல்லாததையெல்லாம் பேசி பள்ளிக்கூட அதிபரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வழக்கம். அந்த வாரம் மெக்சிக்கோ.

"என்னா படிக்கிற?" என்றாள்.

சொன்னேன். நூற்றைம்பது வருடத்துக்கு மேலிருக்கும், அமெரிக்கா மெக்சிக்கோவின் மேல் படையெடுத்து ஜெயித்தது. பிறகு சமாதான ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டு, மெக்சிக்கோவில் பாதிக்குப் பக்கமான நிலத்தை எடுத்துக்கொண்டது. ஒரு பக்கத்தில் ஓர் ஆற்றையே எல்லையாக்கினார்கள். அதுவரை அந்த ஆறு குளிக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் இருந்த ஆறுதான். கோட்டுக்கு அமெரிக்கப் பக்கம் மாட்டிக்கொண்ட மெக்சிக்கோ ஆட்களுக்கு ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள். மெக்சிக்கோக்காரராகவே இருக்கலாம், இல்லை அமெரிக்கராகலாம். வாயே திறக்காதவர் அமெரிக்கர். காணி பூமி பத்திரமாக இருக்கும் என்று எழுதியும் கொடுத்தார்கள். பிறகு உறுதிப் பத்திரத்தைக் கொண்டா, சாட்சியைக் கொண்டா என்று கோர்ட்டுக்கு அலையவிட்டே நிறையப் பேருடைய நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"சமாதானமாம் சமாதானம்!" அத்தை முறத்தைப் படீரென்று தட்டினாள். "கோடு போட்டவன் அந்த ஆத்துல ஒருநாள் முகம் கழுவியிருப்பானா? அது சரி, அந்தப் பொம்பளைங்க என்னா செஞ்சாங்க?"

"நிறையப் பேரு அங்கேயேதான் இருந்தாங்க அத்த. அதே சோளத்தை வெதச்சாங்க, அதே சோளத்தை அரைச்சு ரொட்டி சுட்டாங்க. அவங்க வம்சத்துப் புள்ளைங்களை இன்னிக்கும் எங்கிருந்துடா வந்தேன்னு கேக்குறாங்களாம்."

அத்தை பொறுக்கி முடித்ததைச் சட்டியில் தூவினாள். பிறகு இன்னும் ஒரு கை சோளத்தை அள்ளிப் போட்டாள். "அவளுகளுக்கும் சேத்து," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் வந்தது. கோயில் வாசலில் தப்பு மேளம் அதிர்ந்தது. பூசாரி தலைக்கட்டாகக் கூப்பிடக் கூப்பிடப் பெண்கள் சட்டியைத் தூக்கி வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். எல்லாப் பேரும் முடிந்த நேரம் அத்தை என் வீட்டிலிருந்து நடந்து வந்தாள். மஞ்சள் சேலை, தலையில் சட்டி. தலைவர் குறுக்கே போய் நின்றார். தப்பு நின்றுவிட்டது.

"அம்மா, வேணாம்மா. சொன்னாக் கேளுங்க."

"தம்பி," என்றாள் அத்தை. "என்னை இங்கேர்ந்து அனுப்பையில யாரும் என்னைக் கேக்கல. வந்து நிக்கிறேன், இப்பவும் கேக்கல. இனி நானும் யாரையும் கேக்குறதா இல்ல. தள்ளி நில்லு."

பிறகு, பூசாரி கூப்பிடாத பேரை அவளே கூப்பிட்டாள். தன் அப்பன் பேரைச் சொன்னாள், தன் பேரைச் சொன்னாள், லயத்தின் நம்பரைச் சொன்னாள். மலைக்கே கேட்கும்படி சொன்னாள். வரிசையின் முன்னால் நின்றவள் தலைவரின் மனைவி. அவள் புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் ஓரடி பின்னுக்கு நகர்ந்து, "வாங்க மதினி," என்றாள். தலைவர் விலகினார். தப்புக்காரர் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அடிக்கத் தொடங்கினார். எனக்கு அம்மன் மேல் அதுவரை இல்லாத பக்தி வந்தது.

ஆற்றில் நாங்கள் எல்லோரும் சட்டிகளைக் கரைத்தோம். அத்தை மட்டும் கரைக்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்து கையால் மண்ணைப் பறித்து முளைகளைப் பிரித்து நட்டாள். பூசாரி பதறிப்போய், "ஐயோ, அப்படிச் செய்யக்கூடாதும்மா, கரைச்சிரணும்," என்றார்.

"எங்களை ஒருதரம் கரைச்சது போதும் சாமி," என்றாள்.

விசா முடிந்த நாளில் அவளைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து ஆற்றுப் பக்கம் போனால், இருட்டில் வெளுத்து வளர்ந்த முளைகள் வெயில் பட்டுப் பச்சை பிடித்திருந்தன. பயறு அழுகிவிட்டது, சோளம் நின்றது. மாடு மேயாதபடி சுற்றிலும் யாரோ முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். யாரென்று கேட்கவில்லை. ஆனால் தலைவரின் கையில் கீறல் இருந்தது.

போன வாரம் கோத்தகிரிக்குப் போன் போட்டேன். "அத்த, சோளம் கதிர் வச்சிருச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதட்டல் வந்தது. "முத்த விட்டு வெதைக்கு எடுத்து வை. வர்ற வருசம் என் சட்டியில அதைத்தான் போடணும். யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத."