அரை ஷட்டர்

பந்த் என்றால் எங்கள் கம்பம் கடைவீதிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷட்டரை இடுப்பளவு இறக்கிவிட்டு உள்ளே வியாபாரம் நடக்கும். வேண்டியவர்கள் குனிந்து வருவார்கள். கூட்டத்தின் சத்தம் கேட்டால் மிச்சத்தையும் இறக்கிப் பூட்டுவோம். இதைச் செய்யாத கடை இந்த வீதியில் கிடையாது.

ஒரு பந்த்தில் கூட்டம் கோஷமே போடாமல் பைக்கில் வந்தது. நான் பூட்டை எடுப்பதற்குள் என் பெயிண்ட் கடை பற்றிக்கொண்டது. பின்வாசல் வழியாக ஓடித் தப்பித்தேன். பெயிண்டும் தின்னரும் எரிந்தால் எதை மிச்சம் வைக்கும்? சுவர்தான் நின்றது. "கலவரத்துக்கும் சேத்துத்தான் பாலிசி போட்டிருக்கு, கவலப்படாதீக" என்று ஏஜென்ட் சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் மதுரையிலிருந்து வந்தார். சேதத்தைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்திலும் விசாரித்தார். எனக்கு எதிரே இருப்பதும் பெயிண்ட் கடைதான். அதன் முதலாளி என் காதுபடவே சொன்னார்: "பந்த் அன்னைக்கும் கடயத் தொறந்துதான் வச்சிருந்தாக சார்."

அன்று அவர் கடையும் அரை ஷட்டர்தான். அதை அவர் சொல்லவில்லை. பூட்டாமல் வைத்தது என் கவனக்குறைவு என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. நேரே போய் அவரிடம் கேட்டேன்.

"உள்ளதத்தான தாயி சொன்னேன்" என்றார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து என்னைத் தேடி வரும் வாடிக்கையெல்லாம் அப்போது அவர் கல்லா முன்னால் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. அதன் பிறகு சோறு ருசிக்கவே இல்லை.

நகையை விற்றுக் கடையை மறுபடி எழுப்பினேன். அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று கௌமாரியம்மனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆத்தாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அடுத்த பந்த்தில் அவர் கடைக்குள் கூட்டம் புகுந்தது. கலர் கலக்கும் மெஷின் முதற்கொண்டு நொறுக்கிவிட்டுப் போனார்கள். விசாரிக்க அதே சர்வேயர் வந்தார். அவர் வீதி முனையில் இறங்கும்போதே எதிர்க்கடைக்காரர் என்னிடம் ஓடிவந்தார்.

"முழுசாப் பூட்டியிருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு தாயி."

சர்வேயர் வந்து கேட்டதும், எதிர்க்கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"அரை ஷட்டர்தான் சார். உள்ள யாவாரம் நடந்துச்சு."

சர்வேயர் போன பிறகு அவர் என் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பிடிப் பண்ணிட்டியே தாயி!"

"உள்ளதத்தாண்ணே சொன்னேன்."

பொய் சொல்லியிருந்தாலாவது மனசு உறுத்தியிருக்கும். அன்று வீட்டுக்குப் போய், இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.