மணல் பானையில் மழைத்தண்ணீர்

செஞ்சியில் காலரா பரவியபோது, கிணறுகளைச் சோதிக்க ஓர் ஒல்லியான சுகாதார உதவியாளர் வந்தார். எந்தத் தண்ணீரிலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, அது பால்போல் வெளுக்கும் அளவில் உப்பைக் கணிப்பார்.

கல்லூரிப் படிப்பின் வேகத்தில் நான் மணல் பானை வைத்துத் தண்ணீர் வடித்திருந்தேன். அதையும் சோதித்தார். வெளுக்கவேயில்லை; உப்பே இல்லை. பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அக்கா அதே தண்ணீரை வாயருகே கொண்டுபோன டம்ளரைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“தெனம் கெணத்துத் தண்ணி ஊத்தினவன், இன்னிக்கி மழைத்தண்ணி ஊத்துனியா?”

“அது சுத்தம்தானே சார்?”

“உப்புத்தண்ணி இருந்தமட்டும் கிருமி மணல்ல ஒட்டிக்கினு இருந்துது. உப்பு போனா கழண்டு டம்ளருக்கு வந்துடும். கொதிக்க வச்சிக் குடு.”

“புஸ்தகத்துல அப்படி இல்லியே.”

“மணல்ல இருக்குது, தம்பி.”

கொதிக்க வைத்துக் குடித்த அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது மெய்தானா என்று அறிய, அவர் போனபின், கொதிக்காத தண்ணீர் இருந்த அந்த டம்ளரைக் கையிலெடுத்து வெகுநேரம் நின்றிருந்தேன். குடித்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.