இரு குரல்களில் ஒன்று

என் மகளும் மகனும் கண்ட்ரி இசை பாடிப் பிழைத்தார்கள். லிட்கம் புறநகரில் வளர்ந்து, குதிரையைத் தொலைக்காட்சிப் பந்தயத்தில் மட்டுமே கண்ட இருவர், அகன்ற தொப்பி அணிந்து மேய்ச்சல் நிலத்தின் தனிமையைப் பாடினார்கள். அதை இசையென்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை; இன்றும் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தாரின் வெறுப்பு வேறு வகையானது. பிள்ளைகள் மருத்துவம் படிக்கவில்லை என்பதே அவர்களுடைய இசை விமர்சனம். விருதொன்று கிடைத்ததும் அவர்களே பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள்.

மகன் மெட்டைப் பாடுவான். மகள் அதற்குமேல் துணைக்குரல் சேர்ப்பாள். இருவருக்கும் ஒரே மைக். சென்ற ஆண்டு, மேடையொன்றுக்குப் போகும் வழியில் அவன் கார் விபத்தில் இறந்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு அவர்களின் மேலாளரும் வந்திருந்தார். வெள்ளைக்காரர். மெல்பனில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியில் மகனின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, மகள் கூடப் பாடினால் அரங்கமே அழும் என்று வடையை மென்றபடி விளக்கினார். சங்கத் தலைவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது; மகளிடம் சொன்னார்:

"ஓம் பிள்ளை, அது தம்பிக்குச் செய்யிற மரியாதை. நாங்களும் பஸ் பிடிச்சு வருவம்."

"அவன் இருக்கேக்க ஒரு ஷோவுக்கும் வரேல்லையே, அங்கிள்?"

"அப்ப டைம் கிடைக்கேல்லை."

"செத்தவுடன கிடைச்சிட்டுதாக்கும்."

தலைவர் பாயசம் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு மகள் என்னிடம் சொன்னாள்: "அப்பா, அந்த ரெக்கோர்டிங்கோட பாடினா, அவன் பக்கத்தில நிக்கிறான் எண்டு நம்பிடுவன். பிறகு என்னால மீள ஏலாது."

"அப்ப கான்சல் பண்ணு."

"இல்லை. என்ர பங்கை நான் பாடத்தான் வேணும்."

அவள் சொன்னது முழுவதும் மெல்பனில்தான் எனக்கு விளங்கியது. மைக்கின் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, துணைக்குரலை மட்டும் பாடினாள். மெட்டு இல்லை; ஒலிப்பதிவும் இல்லை. தம்பி தனியாகப் பாடும் அடிகளில் வாய் மூடி நின்றாள். கித்தார் மட்டும் ஒலித்தது. அழுவதற்கென்றே நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் கதிரைகளில் நெளிந்தார்கள். மேலாளர் திரையோரத்தில் நின்று, மெட்டையும் பாடச் சொல்லிக் கையசைத்துப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பக்கத்திலிருந்த தலைவர் என் முழங்கையைத் தட்டினார்.

"அண்ணை, இது எந்தப் பாட்டு? ஒண்டும் பிடிபடேல்லை."

பல ஆண்டுகள் என் படிப்பறைக் கதவைச் சாத்தியும் உள்ளே வந்த பாட்டு அது. அவன் விட்டுப்போன ஒவ்வோர் அடியும் எனக்குத் தெரியும்.

"தெரியாது," என்றேன்.