மஞ்சள் கோடு நகரவில்லை

கரண்டில் ஓடும் சாமான் எதுவும் அறைக்குள் கூடாது என்று எங்கள் விடுதிச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர். அதற்குக் கீழே, பேனாவால் தனியாக எழுதிச் சேர்த்திருப்பது என்னுடைய எலெக்ட்ரிக் கிட்டார்.

நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அன்றே வார்டன் வாசலில் மறித்துவிட்டார்.

"கரண்டு கிட்டாரா? பில்லு யாரு கட்றது?"

"இதுல கரண்டே ஓடாதுக்கா. ஸ்பீக்கர்ல சொருகுனாத்தான் சத்தம் வரும்."

"அப்போ சொருகாத."

சொருகவில்லை. சொருக ஸ்பீக்கரும் இல்லை. உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் எலெக்ட்ரிக் கிட்டாராகப் பார்த்து வாங்கினேன். எட்டுக் கட்டில் போட்ட அறையில் எந்த நேரமும் யாராவது ஒருத்தி ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பாள். சொருகாத கிட்டார் கொசு முனகுகிற அளவுக்குத்தான் கேட்கும். எங்கள் ஊர் சர்ச்சில் கிட்டார் பையன்களுடைய சொத்து. நாங்கள் பாடலாம், தொடக் கூடாது. அந்த வீம்பில், மிச்சம் பிடித்த காசில், வெளிநாடு போகிற ஒருவனிடம் பழையதாக வாங்கி, போனில் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒன்றரை வருடமாக என் கட்டிலில் என்னோடு படுத்த அந்தக் கிட்டாரின் உண்மையான குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. ஒரே ஒரு தடவை ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கிருந்த ஆசை.

அதுவரைக்கும் அதைச் சுருதியில் வைத்திருக்கிறேனே, அதுவே பெரும்பாடு. எங்கள் அறை மேல்மாடி, தகரக் கூரை. மதியம் சூடேறினால் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். சாயங்காலம் குளிர்ந்தால் ஏறும். போனில் சுருதி பார்க்கிற ஆப் இருக்கிறது. அதற்கு என் கிட்டாரைவிட மின்விசிறியும் ஹைவேயில் போகிற லாரியும்தான் நன்றாகக் கேட்கும். அதனால் கிட்டாரின் தலைப்பக்கத்தைத் தாடை எலும்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக மீட்டித் திருகைத் திருப்புவேன். சத்தம் காது வழியாக வராது, எலும்பு வழியாக வரும். இத்தனை பாடுபட்டுச் சேர்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்தால், திருகில் எவளாவது ஈரத் துண்டைத் தொங்கவிட்டிருப்பாள். இன்னொருத்தி தலை ரப்பர் பேண்டை மாட்டியிருப்பாள். கேட்டால், "ஆணி மாதிரி இருந்துச்சுக்கா" என்பாள். ஆணியாம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவேன். இரண்டு நாள் சும்மா இருப்பார்கள், மூன்றாம் நாள் மறுபடியும் துண்டு.

என் மேல்கட்டில்காரி செய்யாறுப் பக்கம். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் நானும் அவளும் ஒரே லைன். நான் போல்ட்டை டார்க் ரெஞ்சால் முறுக்குவேன். சரியான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டக்'கென்று சொல்லும். உடனே போல்ட்டின் மேலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அடுத்த ஸ்டேஷனில் இருக்கிற அவள் கோட்டை மட்டும் பார்ப்பாள். கோடு ஒடியாமல் நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை, ஓகே.

ஒரு நாள் வந்து பார்த்தால் என் கிட்டாரின் ஆறு திருகுகளிலும் மஞ்சள் கோடு!

"யக்கா, இனிமே எவ திருப்பினாலும் தெரிஞ்சிடும். கோடு நேரா கீதுன்னா, டியூனும் கரெக்டா கீது" என்று பல்லைக் காட்டினாள்.

"ஏட்டி, கூறு கெட்டவளே! இது போல்ட்டா? திருகு நகராமலே கம்பி தளரும், இறுகும். கோடு என்னத்தைச் சொல்லும்?"

முகம் சுண்டிப்போனாள். நல்ல மனசோடு செய்தவளைத் திட்டிவிட்டோமே என்று கோட்டை அழிக்காமல் விட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவை நான் சுருதி சேர்த்து முடித்ததும், ஒடிந்த கோட்டை அழித்துவிட்டு அவளே புதுக்கோடு போட்டுவிடுவாள். அந்தக் கோடு எனக்கே வினையாக வரும் என்று யார் கண்டார்கள்?

கம்பெனி ஆண்டு விழா வந்தது. திறமை உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று கேன்டீனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கொடுத்தேன். எச்ஆர் மேடம் கேன்டீனிலேயே வாசிக்கச் சொல்லி, குனிந்து காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து கேட்டார். "நைஸ்மா, ஸ்டேஜ்ல ஸ்பீக்கர்ல போட்டா சூப்பரா இருக்கும்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். எங்கள் சூப்பர்வைசர், பென்னலூர்க்காரர், சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார்: "கான்ட்ராக்ட் ஆளுங்க ஸ்டேஜ் ஏறக் கூடாதாம்மா. பர்மனென்ட் மட்டும்தான். ஆனா ஒண்ணு, குவாலிட்டி இன்ஜினியர் சார் காலேஜ்ல கிட்டார் வாசிச்சவரு. அவரு கிட்டாரு ஊர்ல மாட்டிக்கினு கீது. உன்னுத குடுத்தன்னா அவரு வாசிப்பாரு. நீயே டியூன் பண்ணி ரெடியா வெச்சிடு."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! முறுக்க நான் வேண்டும், சுருதி சேர்க்க நான் வேண்டும், மேடையேற மட்டும் நான் ஆகாது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஏன் என்றால், யார் வாசித்தால் என்ன, அதன் குரலையாவது கேட்டுவிடலாம் என்கிற அற்ப ஆசைதான்.

விழா ஒரு ஏசி கல்யாண மண்டபத்தில். காலையில் தகரக் கூரைக்குக் கீழே வேர்க்க விறுவிறுக்கச் சுருதி சேர்த்து, மேல்கட்டில்காரி வழக்கம்போலப் புதுக்கோடு போட்டதும் கொண்டுபோனேன். வாசலிலேயே சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டார்.

"சார், உள்ள குளிருக்குக் கம்பி இறுகிரும். அரைமணி நேரம் உள்ள வச்சிட்டு மறுபடியும் நான் பார்க்கணும்."

அவர் தலைப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கோடுகள். முகம் மலர்ந்துவிட்டது. "மார்க்கே போட்டு வெச்சிருக்கியே! நகரலயே. ஓகே தான், நீ போய் உக்காரு."

செவிடன் காதில் ஊதின சங்கு. போய்க் கடைசி வரிசையில் மேல்கட்டில்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்ஜினியர் ஏறினார், சொருகினார், மீட்டினார். ஒன்றரை வருடமாக நான் காத்திருந்த குரல், ஆறு கம்பியும் ஆறு பக்கம் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. அவருக்கே என்னவோ உறுத்தியிருக்க வேண்டும்; நிறுத்தினார், திருகுகளைப் பார்த்தார். ஆறு கோடும் நேராக இருந்தன. நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு மேலே வாசித்தார். பாட்டு முடிந்ததும் முன்வரிசை கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பிள்ளைக்குக் கந்தலை உடுத்தி ஊர் முன்னால் நிறுத்தின மாதிரி இருந்தது.

அவர் இரண்டாவது பாட்டுக்குத் தயாரானார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம்: தப்பைப் பார்த்தால் தலைக்கு மேல் தொங்குகிற கயிற்றை இழு, லைனை நிறுத்து, தெரிந்தே அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பினால் தப்பு உன்னுடையது. கான்ட்ராக்ட், பர்மனென்ட் எல்லோருக்கும் அதே பாடம். நான் எழுந்து நடந்தேன். மண்டபம் முழுக்க நடந்து, படியேறி, அவர் முன்னால் நின்றேன்.

"சார், நிறுத்துங்க. சுருதி ஏறிக் கெடக்கு."

"மார்க் கரெக்டாத்தானே இருக்கு?" என்றார்.

"மார்க்குக்குக் காது இருக்கா சார்?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கழற்றிக் கொடுத்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, தலைப்பக்கத்தைத் தாடையில் அழுத்தி, ஒவ்வொரு கம்பியாக இறக்கினேன். ஆறு மஞ்சள் கோடும் ஒவ்வொன்றாக ஒடிந்தது. பிறகு சத்தத்தைக் கூட்டி, ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக மீட்டினேன்.

கேட்டேன். பெரிய சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அகலமான சத்தம் அது. என் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து மேல்கட்டில்காரி விசிலடித்தாள். கண் நிறைந்துவிட்டது எனக்கு.

"தேங்க்யூம்மா, சார்கிட்ட குடுத்துடு" என்றார் எச்ஆர் மேடம் மைக்கில்.

கொடுத்துவிட்டேன். அவர்கள் மேல் உள்ள கோபமெல்லாம் ஒரு பக்கம், அன்றைக்குக் கொடுத்துவிட்டு இறங்கின என் கையின் மேல் உள்ள கோபம் ஒரு பக்கம். கிட்டார் என்னுடையது, சுருதி நான் சேர்த்தது, மேடையில் நின்றவளும் நான். ஒரு பாட்டு வாசித்திருந்தால் என்ன, தலையையா வாங்கியிருப்பார்கள்? இரண்டாவது பாட்டு அருமையாக இருந்தது, அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை சூப்பர்வைசர், "ஸ்டேஜுக்கு வர்றதுன்னா கேட்டுட்டு வரணும்மா" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

மேல்கட்டில்காரி கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட மஞ்சள் பேனாவோடு வந்தாள். "தொடாத, ஒடிஞ்சபடியே கெடக்கட்டும்" என்றேன்.

இந்த வருடமும் ஆண்டு விழா வந்தது. இந்த வருடமும் நான் கான்ட்ராக்ட்தான். சூப்பர்வைசர் கூச்சமே இல்லாமல் வந்து நின்றார்.

"கிட்டார் குடும்மா. இந்த வாட்டி ஹால்லயே வந்து டியூன் பண்ணிக் குடுத்துடு."

"கிட்டார் தனியா வராது சார்" என்றேன்.

அவர் எச்ஆர் வரைக்கும் போய்விட்டு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். விழா அன்று இன்ஜினியர் பாட்டைப் போனில் ஓடவிட்டு மைக்கில் பாடினார். நான் போகவில்லை, விடுதியில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, தாடையில் அழுத்தி, மதிய வெயிலுக்கு இறங்கிப்போன சுருதியை ஏற்றிக்கொண்டிருந்தேன்.