கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷாஃப்ட்

என் கணவருக்கு ஜீப் என்றால் அப்படி ஒரு பைத்தியம். ராணுவம் கழித்துப்போட்ட வண்டி ஒன்றைப் பல்லாவரத்தில் வாங்கி வந்ததிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்கு முன்பே ஜீப் புராணம் தொடங்கிவிடும். கோவளத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளியில் அவர் வாத்தியார். பாடம் நடத்தும் வாய் வீட்டிலும் ஓயாது.

"கியர் பாக்ஸுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒரு பெட்டி இருக்கு. எஞ்சின் சக்தியை அது ரெண்டா பிரிச்சு, ஒரு ஷாஃப்ட் வழியா பின் சக்கரங்களுக்கும் இன்னொரு ஷாஃப்ட் வழியா முன் சக்கரங்களுக்கும் அனுப்பும். இந்தக் கம்பிய இழுத்தா போதும், நாலும் சேர்ந்து இழுக்கும். எந்தச் சேறும் நம்மள ஒண்ணும் பண்ணாது" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அந்தத் தெம்பில்தான், "மழைக்காலம் வருதுங்க, தாம்பரத்துல அக்கா வீட்டுக்குப் போயிடறேன்" என்று நிறைமாதத்தில் நான் சொன்னபோது சிரித்தார். "ஜீப் இருக்கறப்ப என்ன பயம்?" நானும் நம்பித் தொலைத்தேன்.

ஐப்பசி அடைமழையில், பொழுது விடியும்போது பனிக்குடம் உடைந்தது. எனக்குத் தலைச்சன். ஜீப்பின் பின்புறம் பாயை விரித்து என்னைப் படுக்கவைத்துத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கேளம்பாக்கம் தாண்டியதும் ஏரித்தண்ணீர் சாலையில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குப் பயந்து ஓரமாக ஒதுக்கினார். இடது பின்சக்கரம் சேற்றில் இறங்கி, வண்டி சாய்ந்து நின்றுவிட்டது.

எஞ்சினை அலறவிட்டார். சேறுதான் பறந்தது.

"நாலும் இழுக்கும்னீங்களே! அந்தக் கம்பிய இழுங்களேன்!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவே இல்லை. "முன் ஷாஃப்ட்ட கழட்டி வெச்சிட்டேன்மா. அது வீணா சுத்திக்கிட்டே பெட்ரோல் குடிக்குதுன்னு சொன்னாங்க..."

"எங்க வெச்சீங்க?"

"கட்டிலுக்கு அடியில."

அட பாவி மனுஷா! தினமும் பெருக்கும்போது என் கால்விரலில் இடித்த அந்த இரும்புத் தடி! ஏதோ பழைய குழாய் என்று ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தேனே!

இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, அழாத குறையாகப் பேசிக்கொண்டே போனார். வலது சக்கரம் கெட்டியான தரையில் அசையாமல் நிற்கிறதாம், சேற்றில் உள்ளது மட்டும் சுற்றுகிறதாம். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்திருக்கிறார்களாம். ஒரு சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விட்டால், அது சும்மா சுற்றும், மற்றது நின்றுவிடும். "பெரிய வண்டிங்கள்ல லாக் இருக்கும். ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா பூட்டிடும். இதுல இல்ல."

"வாய மூடுங்க!" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை அப்படிச் சொன்னேன். உள்ளே பிள்ளையின் அசைவு குறைந்துகொண்டே வந்தது. ஆண்டவரே, இந்தச் சேற்றிலா?

மீன்கூடையோடு குப்பத்துப் பெண்கள் மூவர் தண்ணீரில் நடந்து வந்தார்கள். "இன்னா சார், புள்ளத்தாச்சிய வெச்சிகினு இங்க நின்னுகினுகீற?" என்றாள் ஒருத்தி. இவர் கையெடுத்துக் கும்பிட்டார். சேற்றுப் பக்கம் பாரம் ஏறினால் சக்கரம் பிடிக்கும் என்றார். கூடைகளைச் சாலையிலேயே போட்டுவிட்டு, மூவரும் இடது பக்கம் தொற்றிக்கொண்டார்கள். இவர் ஒரு காலால் பிரேக்கை லேசாக மிதித்து, மறுகாலால் எஞ்சின் வேகத்தை ஏற்றினார். சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்தால் மற்றதற்குக் கொஞ்சம் சக்தி போகுமாம். நகரவில்லை. மறுபடியும் நகரவில்லை. முதலில் பேசிய பெண் இறங்கி, எனக்கு அடியில் இருந்த பாயை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் திணித்தாள். "பொறுத்துக்கமா, தோ ஆயிடும்" என்றாள். வெறும் தகரத்தில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்து வண்டி ஒரு குலுக்கலோடு மேலே ஏறியது.

பையன். அழவே இல்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என்னை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தபோது மழை விட்டிருந்தது. ஆனால் வழியில் வண்டி சிக்கிய அந்த இடத்தில் தண்ணீர் வடியவில்லை. எங்கள் பாய் ஓரத்தில் சேற்றோடு மக்கிக் கிடந்தது. அவர் வண்டியை நிறுத்தி, கம்பியை இழுத்தார். இடையில் வீட்டுக்குப் போனவர் ஷாஃப்ட்டை மாட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாலு சக்கரமும் இழுத்தன. அந்தச் சேற்றை ஜீப் ஒன்றுமே இல்லாததுபோல் தாண்டியது. அவர் வாயே திறக்கவில்லை, கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது, அணைத்துக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.