ஒன்பது நாள் வராதவர்

போன வாரம் ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். டேட்டாபேஸ் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஹெச்.ஆர். அறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் ஒரு கடிதம்.

பெயர் சகாயமேரி. மூக்கண்டப்பள்ளியிலிருந்து வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒன்பது நாளாகத் தகவல் இல்லாமல் வேலைக்கு வரவில்லையாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றது கடிதம்.

சரி, வராதவருக்குக் கடிதம் கொடுக்கட்டும். அதை எங்கே வைத்துக் கொடுத்தார்கள் தெரியுமா? அவர் வேலை செய்துகொண்டிருந்த மெஷினில்... வேலை நேரத்தில்!

“டெய்லி பஞ்ச் வெச்சிட்டுதாங்க உள்ள போறேன். சூப்பர்வைசர் பாக்கறாரு, செக்யூரிட்டி பாக்கறாரு. கேட்டா சிஸ்டத்துல இல்லங்கறாங்க...” அவர் அழவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

உள்ளே ஹெச்.ஆர். மேலாளர். தினமும் கர்நாடகத்திலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர். “சிஸ்டமல்லி இல்ல அந்த்ரே இல்ல சார். சிஸ்டம் பொய் சொல்லுமா?” என்றார். பாதி கன்னடம், பாதி தமிழ்; சிஸ்டத்தில் இல்லையென்றால் இல்லைதானாம். திமிர் மட்டும் முழுசு.

எனக்குச் சுரீரென்று ஏறியது. எதிரில் நிற்கிற மனுஷியைவிட ஸ்கிரீன் பெரிசா?

சகாயமேரி கடிதத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் புது ஷெட்டுக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கே புது பஞ்ச் மெஷின். அது எந்த சர்வரோடு பேசுகிறது? ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த இணைப்பில் நுழைந்து ஒரே ஒரு வரி தட்டினேன்.

SELECT @@SERVERNAME, DB_NAME();

‘நீ எந்த சர்வர், உன் டேட்டாபேஸ் பேர் என்ன?’ — இதற்கு அவ்வளவுதான் அர்த்தம். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடும். சொன்னது... டிரையல் சர்வர்! மெஷினை மாட்டும்போது சோதனைக்குக் கொடுத்த இணைப்பை மாற்ற மறந்திருக்கிறார்கள். ஹெச்.ஆர். பார்ப்பதோ அசல் சர்வரை. சகாயமேரியின் ஒன்பது நாளும் இன், அவுட் நேரத்தோடு அதற்குள் பத்திரமாக இருந்தன.

இன்னொன்று கேளுங்கள். அதே ஷெட்டுக்கு இரண்டு நிரந்தர ஊழியர்களும் மாறியிருந்தார்கள். அவர்களும் சிஸ்டத்தில் ஆப்சென்ட்தான். “அவங்க பர்மனென்ட் சார்... போன் பண்ணிக் கேட்டு, கையால சரி பண்ணிட்டோம்” என்றார் மேலாளர். அவர்களுக்கு ஒரு போன். இவருக்கு ஒரு கடிதம்!

கேட்டில் ஐடி கார்டு, பை, டிபன் பாக்ஸ் வரைக்கும் சோதிக்கிறோம். சர்வரிடம் ‘நீ யார்’ என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

கடிதத்தை ரத்து செய்தார்கள். அதோடு விட்டார்களா? “ஃபைலுக்கு ஒரு விளக்கம் மட்டும் எழுதிக் குடுத்துரும்மா” என்றார் மேலாளர்.

சகாயமேரி அவரை நேராகப் பார்த்தார். “நான் வந்தேனுங்க சார். வந்ததுக்கு எதுக்குங்க வெளக்கம்?”

மேலாளரிடம் பேப்பரை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன் — அவர் வந்தார். நீங்கள்தான் வேறு இடத்தில் தேடினீர்கள்.