இறந்தவர்களின் ஈஸ்டரில் ஒரு கையெழுத்து

ஒலேசியாவின் கல்யாணத்தன்று அவள் தலையிலிருந்து மணப்பெண் முக்காட்டை எடுத்துவிட்டு, குடும்பப் பெண்கள் கட்டும் துணியைக் கட்டிவிட்டவள் நான். எங்கள் மால்டோவாவில் அதைச் செய்கிறவள் அந்தத் தம்பதிக்கு ஞானத்தாய். நனாஷா என்று கூப்பிடுவார்கள். பெற்ற தாய் மகள் பக்கம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம். நனாஷாவுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு பக்கமும் நியாயம் கேட்க வேண்டும், இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டும். கல்யாணம் முறிந்தால் ஊர் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கும். நன்றாகப் பார்த்தது.

ஒலேசியா அப்போது டவுனில் ஒரு தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். யாராவது அவளை ஏமாற்றினால்கூட, அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று இவள் வேறு பக்கம் பார்ப்பாள். அப்படி ஒரு பிறவி. அவள் புருஷன் ஸ்லாவிக்கோ வாயாடி. தரைக்கு ஓடு பதிக்கிற வேலையில் கெட்டிக்காரன். அவன் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அவன்தான் எங்கும் நிற்க மாட்டான். அடிக்கிறவனாக இருந்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. இத்தாலிக்கு வேலைக்குப் போனான், வீட்டை மறந்தான், அவ்வளவுதான். வெரோனாவில் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, கடைசியாக ஒலேசியாவுக்குத் தெரிந்தது.

விவாகரத்து சுலபமாக முடிந்தது. மகள் சபீனா அம்மாவிடம் இருப்பாள் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அப்பாவின் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஒலேசியாவும் கேட்கவில்லை. "எதுக்கு நனாஷா, அவனும் அப்பன்தானே, போகட்டும்" என்றாள். அந்தப் பெருந்தன்மைதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

தையல் கூடத்தை மூடினார்கள். ஒலேசியாவும் இத்தாலிக்குப் போனாள். பதுவாவில் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. சபீனாவை என்னிடம் விட்டுப் போனாள். அப்போது பிள்ளைக்கு ஆறு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான், அப்பாவும் அம்மாவும் போன் திரைக்குள் இருப்பார்கள். பழகிவிடும் என்று சொல்லுவார்கள். சபீனா பழகவில்லை. அம்மா போனை வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், கூப்பிட்டால் வர மாட்டாள். எனக்கு ஒரு பேத்தி இல்லாத குறை அவளால் தீர்ந்தது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளை என் வீட்டில் விருந்தாளியாகவே இருந்தாள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு வழி பிறந்தது. கிழவியின் மகள், "உன் பொண்ணைக் கூட்டிட்டு வா, பின்னறை காலியாத்தான் இருக்கு, இங்கேயே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். செப்டம்பருக்குள் வந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். வராவிட்டால் அறையை வாடகைக்கு விட்டுவிடுவாளாம்.

மால்டோவாப் பாஸ்போர்ட்டில் போனால் மூன்று மாதம்தான் இருக்க முடியும். தங்கிப் படிக்க ருமேனியப் பாஸ்போர்ட் வேண்டும். அந்தக் குடியுரிமை சபீனாவுக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு, அப்பன் வழியில் வந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு நாடும் உண்டு. பாஸ்போர்ட்தான் எடுக்கவில்லை. அதற்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் சம்மதம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

ஸ்லாவிக் மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் கொடுமை. "போடறேன் ஒலேசியா, என் பொண்ணுக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்?" என்பான். இத்தாலியில் ருமேனியத் தூதரகத்திலேயே அதைப் போடலாம் என்று அவள் நேரம் வாங்கி வைப்பாள், கிழவியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் பிடித்து வைப்பாள், போய் வாசலில் நிற்பாள். அவன் வர மாட்டான். போன் பண்ணினால் முதலாளி விடவில்லை என்பான், காய்ச்சல் என்பான். வக்கீலைக் கேட்டால், அவன் கையெழுத்து இல்லாமலே கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம், ஆனால் அவனுக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். அவனோ வாடகை வீட்டைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றுகிறவன்.

அவன் தவறாமல் வருகிற நாள் ஒன்றுதான். ஈஸ்டருக்கு மறு வாரம், இறந்தவர்களின் ஈஸ்டர். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு எங்கள் ஆட்கள் கல்லறைக்கு வந்துவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது பெற்றவளுக்கு ஒரு போன் போடாதவன், அவள் செத்த பிறகு ஒரு வருஷம்கூட விடவில்லை. அங்கே வைத்து அவனைப் பிடித்துவிடலாம் என்று ஒலேசியா சொன்னாள். அன்றைக்கு அரசு விடுமுறை. டவுனில் நோட்டரி தமாராவின் காலைப் பிடிக்காத குறையாக நான் கேட்டேன்.

"மதியம் ரெண்டு மணி வரைக்கும் ஆபீஸைத் திறந்து வைக்கிறேன். அதுக்கு மேல முடியாதும்மா, எனக்கும் கல்லறையில ஆளுங்க இருக்காங்க" என்றாள் அவள்.

ஒலேசியா இரண்டு நாள் வேனில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். கால் வீங்கியிருந்தது. வந்தவள் மகளைக்கூடச் சரியாகக் கொஞ்சவில்லை. மண்வெட்டியும் நீலப் பெயின்டும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனாள். மாமியாராக இருந்தவளின் மேட்டில் புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வண்ணம் அடித்து, சுற்றிலும் மணல் போட்டாள். உயிரோடு இருந்தபோது இவளை "தையல்காரி" என்று தவிர வேறு பேரில் கூப்பிடாத கிழவி அது.

"உனக்கு மானம் இருக்காடி?" என்றேன்.

"செப்டம்பர் வரைக்கும் இல்ல நனாஷா" என்றாள்.

மறுநாள் காலையில் கல்லறை முழுக்க ஜனம். ஒவ்வொரு மேட்டிலும் துணி விரித்து, ரொட்டியும் மெழுகுவர்த்தியும் ஒயினும் வைத்திருந்தார்கள். பாதிரியார் ஒவ்வொன்றாக மந்திரித்துக்கொண்டு வந்தார். ஸ்லாவிக் யாரோ ஒரு நண்பனின் காரில் நேராகக் கல்லறைக்கே வந்து இறங்கினான். அம்மாவின் சிலுவையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"பாருங்கடா! நான் விட்டுட்டுப் போனவ வந்து என் அம்மாவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கா! இவளை மாதிரி ஒருத்தி கிடைப்பாளா?" என்று ஊரைக் கூட்டினான்.

ஒலேசியா சபீனாவை முன்னால் நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். டவுனில் நோட்டரி காத்திருக்கிறாள், ஒரு மணி நேர வேலை, கார்கூடத் தயார் என்றாள்.

"இன்னைக்கே போடறேன்" என்றான். அம்மாவின் சிலுவைமேல் கை வைத்தான். "இந்த மண்ணு மேல சத்தியம். வா, முதல்ல அம்மாவுக்கு ஒண்ணு ஊத்து."

எங்கள் வழக்கத்தில் கல்லறையில் ஒருவர் நீட்டுகிற கோப்பையை மறுக்கக் கூடாது. ஊற்றவும் மறுக்கக் கூடாது. செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பது கணக்கு. ஒயின் இல்லாமல் மேட்டில் துணி விரிப்பதற்கு ஒலேசியாவுக்கு மனம் வரவில்லை. என் நிலவறையிலிருந்து ஒரு ஜாடி அவளே நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். கோப்பையின் அடி மறைகிற அளவு ஊற்றினாள்.

"என்ன, எறும்புக்கா ஊத்துற? என் அம்மா என்ன எறும்பா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் நிரப்பினாள்.

அதோடு முடிந்திருந்தால் சரி. பக்கத்து மேட்டில் அவன் மாமா. அதற்கடுத்து, இத்தாலியில் சாரத்திலிருந்து விழுந்து செத்த அவன் கூட்டாளி. கூட்டாளியின் பெண்டாட்டி கோப்பையை நீட்டும்போது வேண்டாம் என்று எந்த மனுஷன் சொல்லுவான்? ஒவ்வொரு மேட்டிலும் ஒருவர் "ஸ்லாவிக், இங்க வாடா" என்று கூப்பிட்டார். ஒலேசியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே போனாள். முகத்தில் சிரிப்பை வைத்திருந்தாள்.

"ஸ்லாவிக், நேரமாகுதுடா" என்றேன்.

"நனாஷா, செத்தவங்களுக்கு என்ன அவசரம்?"

"உயிரோட இருக்கறவ ஒருத்தி உன் பின்னாடி நடந்து நடந்து சாகறா, தெரியலையா?"

அதற்கும் சிரித்தான். என் வீட்டுக்காரரின் மேட்டுக்கும் வந்து நின்றான். நான் ஊற்றவில்லை. அவர் மன்னிப்பார் என்று எனக்குத் தெரியும். ஊர் மன்னிக்கவில்லை, "நனாஷாவுக்குக் கஞ்சத்தனம்" என்று காதுபடச் சொன்னது.

கல்லீரல் கெட்டதால் குடிப்பதை விட்ட கோஸ்தியா ஒருத்தன்தான் அன்றைக்கு ஊரில் தெளிவாக இருந்தவன். அவன் காரில் ஸ்லாவிக்கை ஏற்றுவதற்குள் ஒரு மணி தாண்டிவிட்டது. வழியெல்லாம் ஒலேசியா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். சபீனா என் மடியில் இருந்தாள்.

தமாரா அவனைப் பார்த்ததும் ஒலேசியாவைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். நல்ல பெண்தான், எப்படியாவது முடித்துக்கொடுக்க நினைத்தாள் என்று நான் சத்தியம் செய்வேன்.

"உக்காருங்க. ஒரே ஒரு கேள்வி, கேட்டே ஆகணும். என்ன பேப்பர்ல கையெழுத்துப் போடறீங்க, சொல்லுங்க."

ஸ்லாவிக் பேப்பரைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். சிரித்தான்.

"என் பொண்ணை விக்கிற பேப்பர்."

தமாரா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அவரு எப்பவும் இப்படித்தான் மேடம், வெளையாட்டுக்குச் சொல்றாரு" என்றாள் ஒலேசியா. "ஸ்லாவிக், சரியாச் சொல்லு. பாஸ்போர்ட்டுக்குன்னு சொல்லு."

"எந்த பாஸ்போர்ட்?" என்றான் அவன். நாக்கு குழறியது.

"எனக்கு வேற வழியில்லம்மா. அவர் சொன்னது என் காதுல விழுந்துருச்சு. விழாத மாதிரி முத்திரை குத்த முடியாது. குடிச்சவர் கையெழுத்து செல்லவும் செல்லாது. நாளைக்குக் காலையில தெளிவாக் கூட்டிட்டு வாங்க, எட்டு மணிக்கே திறக்கிறேன்" என்றாள் தமாரா.

நாளைக்குக் காலையில் அவன் இருக்க மாட்டான். இத்தாலிக்குப் போகிற வேன் அன்று சாயந்தரம். ஒலேசியாவுக்கும் அதே வேன்தான், எங்கள் ஊருக்கு வருவது அது ஒன்றுதான். அவளுக்குப் பதிலாக வந்தவள் கிழவியை அதற்கு மேல் பார்த்துக்கொள்ள மாட்டாள், வேலை போய்விடும்.

வெளியே படிக்கட்டில் அவனை நான் அறைந்தேன். நனாஷாவுக்கு அந்த உரிமை உண்டு. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் எனக்கு யாரு போன் பண்ணுவா நனாஷா? இதுக்காகத்தானே பண்றாங்க?"

ஒரு நிமிஷம் அவன்மேல் இரக்கம் வந்தது. அதற்காக எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அப்படியானால் இவனுக்குத் தெரிந்தேதான் அத்தனை கோப்பையும் உள்ளே போயிருக்கிறது. ஒலேசியா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் பேப்பரை மடிப்பு விழாமல் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயந்தரம் வேன் வந்தது. ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுகிறவர்களுமாக ரோட்டோரம் நிறைந்திருந்தது. ஒலேசியாவுக்கு முன்னால் டிரைவர் பக்கம் இடம். ஸ்லாவிக் கடைசி வரிசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தான். அவள் மகளை முத்தமிட்டு ஏறினாள். முன்சீட்டில் பையை வைத்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு பின்னால் போய், அவனுக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கெஞ்சி இடம் மாறி உட்கார்ந்தாள். இத்தாலி வரைக்கும் இரண்டு நாள் இருக்கிறது. தெளிந்த பிறகு கேட்கலாம் என்று நினைத்திருப்பாள். நான் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு முட்டையை எடுத்து, ஓட்டை உரித்து, உப்பு தொட்டு அவன் வாய்ப் பக்கம் நீட்டினாள்.

"அட, ஜோடி சேர்ந்துருச்சு போல!" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள்.

வழியில் ஒலேசியா கையெழுத்தைக் கேட்டாள் என்று பிறகு போனில் தெரிந்தது. ருமேனியா முழுக்கக் கேட்டாளாம், ஹங்கேரி முழுக்கக் கேட்டாளாம். அவன் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்து, அவள் பதுவாவில் இறங்கியதும் வெரோனாவுக்குப் போய்விட்டானாம். அந்த ஆகஸ்டில் கிழவியின் மகள் பின்னறையை ஒரு மாணவனுக்கு விட்டுவிட்டாள். கோர்ட்டில் வழக்கு இன்னும் நடக்கிறது.

அன்றைக்கு ரோட்டோரத்தில் இதெல்லாம் சபீனாவுக்குத் தெரியாது. அவள் வேன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வந்தது. என் கையை இழுத்தாள்.

"நனாஷா, பாத்தியா? அம்மா அப்பாகூட உக்காந்திருக்கா. முட்டை உரிச்சுக் குடுக்கறா."

"பாத்தேன்."

"அப்ப எனக்கு பாஸ்போர்ட் வேணாம். ரெண்டு பேரும் இங்கயே வந்துருவாங்க."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் பயப்படாத வாய் இது, பாதிரியாரையே எதிர்த்துப் பேசிய வாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளச் சொன்னாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பெரிய கட்டில் போட இடம் வேண்டுமாம். அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்துத் தள்ளினேன்.